அம்மாவுக்கு அதிகம், எனக்குப் பத்தல

காரிமங்கலம் கிட்ட சர்வீஸ் ரோட்டுல ராங் சைடுல வந்த ஒரு குட்டியானை வண்டி என் பைக்கைத் தூக்கி அடிச்சப்ப, அதுல இருந்த பாலக்கோட்டுத் தக்காளிப் பெட்டி நாலஞ்சும் என் மேலயே வந்து விழுந்துச்சு. கண்ணைத் திறந்து பாத்தா சுத்தியும் செவப்பா இருக்கு, எது தக்காளி எது ரத்தம்னு தெரியல. ஓடி வந்த ஆளுங்கள்ல ஒருத்தர் "ஒண்ணும் இல்லண்ணா தக்காளிதான்"னு சொல்லிக்கிட்டே என் காலைப் பாத்தாரு, அதோட பேச்சை நிறுத்திட்டாரு. முழங்காலுக்குக் கீழ எலும்பு தோலைக் கிழிச்சிக்கிட்டு வெளிய வந்து நின்னுச்சு.

இது 2022ல நடந்தது. அன்னிக்கே ஆபரேஷன் பண்ணி உள்ள ராடு வெச்சாங்க. உடைஞ்சதுல ரெண்டு துண்டு ரோட்டுலயே போயிடுச்சாம், மண்ணு ஒட்டிக்கிட்டிருந்த இன்னும் கொஞ்சத்தை டாக்டரே எடுத்துப் போட்டுட்டாரு. நடுவுல ஒரு சந்து. "அது தானா ரொம்பும், பாப்போம்"னாரு. மூணு மாசம், ஆறு மாசம், ஒம்பது மாசம்னு ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே எடுத்து லைட்ல மாட்டினா அந்தக் கறுப்புக் கோடு அப்படியே இருக்கு. என் கடை காவேரிப்பட்டணத்துல, உரம் பூச்சிமருந்து வியாபாரம், வாக்கர் வெச்சிக்கிட்டு கல்லாவுல உக்காந்திருந்தேன். வர்றவங்க எல்லாரும் யூரியா கேக்கறதுக்கு முன்னாடி கால் என்னாச்சுன்னு கேட்டாங்க.

யோசனைக்குக் கொறச்சலே இல்ல. பாதி பேர் புத்தூர் கட்டுக்குப் போன்னாங்க. எலும்பு வெளிய வராத, சாதாரண முறிவுக்கு அங்க போய் நல்லானவங்களை எனக்கே தெரியும், ஆனா எலும்பு ரோட்டைப் பாத்த கேஸுக்கு மூங்கில் பத்தையும் துணியும் போதாதுன்னு எனக்குத் தோணுச்சு, போகல. மீதி பேர் சாப்பாடு. தெனம் காலையில கேழ்வரகுக் களி, சாயங்காலம் ஆட்டுக்கால் சூப்பு. 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேலயே கால்சியம் இருக்கு, அது உண்மைதான், ஆனா டாக்டர் சொன்னது வேற. "உங்க ஒடம்புல சுண்ணாம்புக்குப் பஞ்சம் இல்லைங்க, அந்த எடத்துக்கு ரத்தம் போகல. அதுதான் பிரச்சனை." முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் தொட்டுப் பாருங்க, தோலுக்கு அடியில நேரா எலும்புதான், சதையே கெடையாது. சதை இல்லன்னா ரத்தம் கம்மி, ரத்தம் கம்மின்னா எலும்பு கட்டற செல்லுக்கு சோறு தண்ணி இல்ல. சிகரெட்டை விடச் சொன்னாரு. விட்டேன், பெரும்பாலும்.

அந்த ஒம்பதாவது மாச எக்ஸ்ரேவுக்கு எங்கம்மாவும் கூட வந்திருந்தாங்க. டாக்டர் எல்லாம் சொல்லி முடிச்சதும் அம்மா மெதுவா கேட்டாங்க, "ஏன் சாமி, எனக்குத்தான் வேணாத எடத்துல எல்லாம் எலும்பு வளருதுன்னு சொல்றீங்களே, அதுல கொஞ்சம் வெட்டி இவனுக்கு வெச்சா ஆகாதா?"

டாக்டர் சிரிக்கல. கொஞ்ச நேரம் அம்மாவையே பாத்துட்டு, "நல்ல கேள்விம்மா"ன்னாரு.

அம்மாவோட கதை தெரியாம இந்தக் கேள்வி புரியாது. அம்மாவுக்குப் பொறந்த ஊரு பென்னாகரம் பக்கம். அங்க பாறைக்குள்ளயே ஃப்ளோரைடு இருக்கு, தண்ணி அந்தப் பாறையில ஊறி ஊறி அதைக் கரைச்சிக்கிட்டு வரும். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம், வேற தண்ணியே இல்லன்னா 1.5 வரைக்கும் போகலாம்ங்கறது நம்ம நாட்டுக் கணக்கு. எங்க தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் அதைத் தாண்டின கெணறும் போரும் எத்தனையோ. சின்ன வயசுலயே அந்தத் தண்ணியைக் குடிச்சா பல்லு மொளைக்கறப்பவே கறையோட மொளைக்கும், பின்னாடி எந்தப் பேஸ்ட்டும் அதை ஒண்ணும் பண்ணாது. பொண்ணு பாக்க வந்தவங்க அம்மாவைப் பாத்து "பொண்ணு வெத்தல போடுமா"ன்னு கேட்டாங்களாம், இன்னிக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாங்க, கையால வாயை மூடிக்கிட்டு.

பல்லு கண்ணுக்குத் தெரியும். எலும்பு தெரியாது. ஃப்ளோரைடு எலும்புக்குள்ள போய் உக்காந்துக்கும், எலும்பு கட்டற செல்லையும் உசுப்பி விடும், அதுங்க கட்டிக்கிட்டே போகும். கட்டறது ஒழுங்கா இருந்தா பரவால்ல, இது கொத்தனாரு தண்ணியடிச்சிட்டு கட்டின செவுரு மாதிரி, எக்ஸ்ரேல பாத்தா நல்லா வெள்ளையா கெட்டியா இருக்கும், அடிச்சா உடையும். அதோட நிக்காது, எலும்பையும் எலும்பையும் சேத்துப் புடிச்சிருக்கற நாரு எல்லாம் சுண்ணாம்பு ஏறி எலும்பா மாறிடும். அம்மாவுக்கு முதுகுத்தண்டு அப்படித்தான் ஆயிடுச்சு. கழுத்து திரும்பாது. யாராவது பக்கத்துலேர்ந்து கூப்பிட்டா கதவு திரும்பற மாதிரி மொத்த ஆளும் திரும்பணும். கீழ விழுந்த ஸ்பூனைப் பாக்கவே முடியாது, சத்தத்தை வெச்சுத்தான் எங்க விழுந்துச்சுன்னு சொல்வாங்க. அந்தக் கெணத்துத் தண்ணிக்குப் பதிலா ஒகேனக்கல் காவேரித் தண்ணி 2013ல வந்துச்சு, எங்க மாவட்டத்துல அது எவ்ளோ பெரிய விஷயம்னு வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. ஆனா எங்கம்மா எலும்புல ஏறினது ஏறினதுதான்.

இதுல ஒரு கூத்து இருக்கு. இதே ஃப்ளோரைடை எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தா குடுத்துப் பாத்திருக்காங்க. அமெரிக்காவுல மேயோ கிளினிக் ஆளுங்க மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு நாலு வருஷம் குடுத்து 1990ல ரிசல்ட் போட்டாங்க. முதுகெலும்போட அடர்த்தி நல்லா ஏறிடுச்சு, கிட்டத்தட்ட 35 சதவீதம். முதுகெலும்பு உடையறது பெருசா கொறயவே இல்ல, மத்த எடத்துல எலும்பு முறிவு அதிகமாயிடுச்சு. இதைப் படிச்சப்ப எங்க ஊர்ல எந்தக் கெழவியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாங்களேன்னு தோணுச்சு.

ஆக ஒரே வீட்டுல அம்மாவுக்கு எலும்பு நிக்க மாட்டேங்குது, புள்ளைக்கு வர மாட்டேங்குது.

டாக்டர் சொன்ன வழி, இடுப்பெலும்போட ஓரத்துலேர்ந்து கொஞ்சம் சொரண்டி எடுத்து அந்தச் சந்துல வெக்கறது. அம்மாவோடதை வெக்க முடியாது, அது ஒழுங்கில்லாத எலும்பு, அதுவுமில்லாம வேற ஒடம்போட உயிருள்ள செல்லை என் ஒடம்பு சும்மா விடாது. என்னோடதுன்னா சண்டை இல்ல. ஒரே கஷ்டம், எடுத்த எடம் வலிக்கும், சில பேருக்கு மாசக்கணக்குல. அதுவும் அங்க இருக்கறதே கொஞ்சம்தான், கை கையா அள்ள முடியாது.

சரின்னு யோசிச்சிக்கிட்டிருந்தப்பதான் வாட்ஸப்புல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. "உங்க தொப்பையே உங்க மருந்து." தொப்பைக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதுல இருக்கற ஸ்டெம் செல்லை, அதாவது வேற வேற ரக செல்லா மாறக்கூடிய செல்லை, பிரிச்சு, கால்ல ஊசியா போட்டா எலும்பு வளந்துடுமாம். எனக்கு நாப்பத்தி மூணு வயசு, தொப்பையில என்கிட்ட இருக்கற ஸ்டாக்குக்கு மாவட்டத்துக்கே எலும்பு சப்ளை பண்ணலாம். ஆசை வந்துடுச்சு. பெங்களூருல ஒரு கிளினிக், பேரு வேணாம். போனேன். ஏசி, காபி, டாக்டருக்குப் பதிலா கவுன்சிலர்னு ஒரு பொண்ணு, ரெண்டே முக்கா லட்சம்னு ஒரு தாளு. அட்வான்ஸ் பத்தாயிரம் கட்டிட்டு வந்தேன்.

எங்கக்கா பொண்ணு பெங்களூருலயே ஒரு லேப்ல வேலை பாக்குது, பயோடெக்னாலஜி படிச்சிட்டு. திரும்பி வர்ற பஸ்ல உக்காந்துக்கிட்டு அதுக்கு போன் பண்ணி பெருமையா சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "மாமா, நான் தெனம் பண்றதே அதுதான். ஒரு நாள் வந்து பாருங்க, அதுக்கப்புறம் காசு கட்டுங்க"ன்னுச்சு.

போய்ப் பாத்தேன். செருப்புக்கு மேல ப்ளூ கவர் மாட்டி, வாக்கரைத் துடைச்சு, உள்ள விட்டாங்க. மொதல்ல அது காட்டினது கொழுப்பு. லைப்போசக்‌ஷன்ல உறிஞ்சி எடுத்தது, ஆஸ்பத்திரியில சாதாரணமா குப்பைக்குப் போறது, ஆளோட அனுமதி வாங்கி லேபுக்கு வருது. பாக்க நெய்யும் தக்காளிச் சட்னியும் கலந்த மாதிரி. அதை உப்புத் தண்ணியில ரத்தம் போற வரைக்கும் கழுவறாங்க. அப்புறம் கொலாஜனேஸ்னு ஒரு என்சைம் போட்டு ஒடம்புச் சூடு 37 டிகிரியில வெச்சு ஆட்டறாங்க, கொழுப்பைக் கட்டி வெச்சிருக்கற நாரெல்லாம் அதுல கரைஞ்சு போகும். அடுத்து மெஷின்ல போட்டு வேகமா சுத்தறது. சுத்தி எடுத்தா டியூப்ல மேல எண்ணெய், நடுவுல கலங்கல் தண்ணி, அடியில கடுகளவு ஒரு செவப்புப் படிவு. "இதுதான் மாமா நமக்கு வேணும், மேல மிதக்கறது பூராவும் வேஸ்ட்டு." எனக்கு எங்கம்மா வெண்ணெ காய்ச்சறது ஞாபகம் வந்துச்சு, ஆனா இங்க தலைகீழ், மேல இருக்கறதை ஊத்திட்டு அடிக்கசடை வெச்சிக்கறாங்க.

அந்தப் படிவுலயும் எல்லாம் ஸ்டெம் செல் கெடையாது. ரத்த செல்லு, ரத்தக்குழாய் செல்லுன்னு பல ரகம். பிளாஸ்டிக் தட்டுல ஊத்தி வெச்சா அதுல கொஞ்சம் செல்லு அடியில ஒட்டிக்கும், ஒட்டாததைக் கழுவி ஊத்திடுவாங்க. ஒட்டினதுதான் நம்ம ஆளு. மைக்ராஸ்கோப்புல பாத்தேன், நீளநீளமா, வாய்க்கால்ல மீன் குஞ்சு ஒரே பக்கமா நிக்கற மாதிரி நின்னுச்சு. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை அதுக்கு தண்ணி மாத்தணும், பொங்கல் லீவுலயும் மாத்தணும், அதனாலதான் அது பொங்கலுக்கு ஊருக்கு வர்றதில்லன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

இந்த மாதிரி செல்லு எலும்பு மஜ்ஜையில இருக்குன்னு ரஷ்யாவுல ஃப்ரீடன்ஸ்டைன்னு ஒருத்தர் 1960கள்லயே கண்டுபிடிச்சு சொல்லிட்டாரு. ஆனா மஜ்ஜையில அது ரொம்ப அபூர்வம், எடுக்கறதும் வலி. கொழுப்புலயும் இது இருக்கு, எலும்பு, குருத்தெலும்பு, தசை, கொழுப்புன்னு பல பக்கமா திருப்பலாம்னு 2001ல பாட்ரீஷியா ஸூக்கும் கூட வேலை செஞ்சவங்களும் எழுதினாங்க, கலிஃபோர்னியாவுல. எடுக்கறது சுலபம், கெடைக்கறதும் நெறைய, யாரும் எனக்கு வேணும்னு சண்டை போடாத ஒரே பொருள் மனுசன் ஒடம்புல அதுதான்.

சரி, எலும்பா எப்படி மாத்தறாங்க? நான் ஏதோ பெரிய மந்திரம் எதிர்பாத்தேன். மூணே சாமான். டெக்ஸாமெத்தசோன், அது ஸ்டீராய்டு. பீட்டா கிளிசரோஃபாஸ்ஃபேட், எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டு அதுலேர்ந்து. மூணாவது வைட்டமின் சி. வைட்டமின் சி இல்லன்னா கொலாஜன்ங்கற நாரு ஒழுங்கா முறுக்காது, எலும்புக்கு அந்த நாருதான் கம்பி, சுண்ணாம்பு வெறும் கான்கிரீட்டு. இதைக் கேட்டதும் "அட நெல்லிக்காய்"ன்னேன். தகடூர் அதியமான் ஔவைக்குக் குடுத்தது எங்க ஊர்க் கதை, தகடூர்னா தர்மபுரிதான். அக்கா பொண்ணு, "ஆமா மாமா, ஔவைக்கு எலும்பு ஸ்ட்ராங்கா இருந்திருக்கும், அதான் அவ்ளோ தூரம் நடந்தாங்க"ன்னுச்சு.

இதே செல்லுக்கு வேற சாமானை, இன்சுலின் அது இதுன்னு கலந்து ஊத்தினா மறுபடியும் கொழுப்பு செல்லாவே போயிடும். உள்ள ரெண்டு சுவிட்சு, ஒண்ணு எலும்புப் பக்கம், ஒண்ணு கொழுப்புப் பக்கம், ஒண்ணு ஏறினா இன்னொண்ணு எறங்கும். அதுலயும் கெமிக்கல் மட்டும் இல்ல. மஜ்ஜை ஸ்டெம் செல்லை வெச்சு 2006ல அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க, மூளை மாதிரி கொழகொழன்னு இருக்கற ஜெல்லுல வெச்சா நரம்பு மாதிரி ஆகுது, தசை அளவு விறைப்புல தசை மாதிரி, இன்னும் கெட்டியான தளத்துல எலும்பு மாதிரி. விழற எடத்தைப் பாத்து அதுவே முடிவு பண்ணிக்குது.

மூணு வாரம் கழிச்ச தட்டு ஒண்ணைக் காட்டுச்சு. அலிசரின்னு ஒரு செவப்புச் சாயம் ஊத்துவாங்க, சுண்ணாம்பு இருக்கற எடத்துல மட்டும் புடிச்சிக்கும். நம்ம ஊர்ல அந்தக் காலத்துல துணிக்குப் போட்ட சாயவேர்ல இருக்கறதும் அதே அலிசரின்தான். ஒரு தட்டு வெறும் வெளுப்பு, அது சாமான் போடாதது. பக்கத்துத் தட்டு முழுக்க கருஞ்செவப்பு, திட்டுத்திட்டா, வெரலால தடவினா நெருடும் போல இருந்துச்சு. போன வருஷம் யாரோ ஒருத்தரோட தொப்பை. எனக்கு நெசமாவே ஒடம்பு சிலிர்த்துடுச்சு. "அப்ப இதை எடுத்து வெச்சிட வேண்டியதுதானே"ன்னேன்.

அப்பதான் அது பாயிண்டுக்கு வந்துச்சு. "மாமா, இது எலும்பு இல்ல. எலும்பு மாதிரி சுண்ணாம்பு கட்டின செல்லு. காகிதத்தை விட மெல்லிசு. எலும்புன்னா உள்ள ரத்தக்குழாய் ஓடணும், கட்டறவன் ஒருத்தன் இருந்தா இடிக்கறவனும் ஒருத்தன் இருக்கணும். வெறும் சுண்ணாம்பு கட்டினா போதும்னா ஆயா முதுகுதான் ஒலகத்துலயே நல்ல எலும்பு."

அந்த ஒரு வார்த்தையில எனக்கு எல்லாம் வெளங்கிடுச்சு. எங்கம்மா கேட்ட கேள்விக்கும் பதில் அதுலயே இருந்துச்சு. எலும்பை வளர வைக்கறது பாதி வேலைதான், எந்த எடத்துல, எவ்ளோ, எப்ப நிறுத்தணும்ங்கறது மீதி. அந்த மீதிதான் கஷ்டம்.

ஒரு செல்லு பக்கத்து ரத்தக்குழாய்லேர்ந்து மயிரிழை ரெண்டு மூணு தள்ளி இருந்தாலே பட்டினியில செத்துடும். தட்டுல மெல்லிசா இருக்கறதால தப்பிக்குது. ரெண்டு செண்டிமீட்டர் துண்டு வேணும்னா நடுவுல இருக்கறதுக்கு யாரு சோறு போடுவா? அதுக்கு ஆளாளுக்கு ஒரு வழி பண்ணியிருக்காங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது ஃபின்லாந்துக்காரங்க பண்ணது. 65 வயசு ஆளு, கட்டியால மேல்தாடையில பாதியை எடுத்துட்டாங்க. அவரோட கொழுப்புலேர்ந்து செல்லு எடுத்து, கால்சியம் பாஸ்பேட் குருணையில கலந்து, எலும்பு வளரச் சொல்ற ஒரு புரோட்டீனும் சேத்து, தாடை வடிவத்துல டைட்டானியம் கூண்டு பண்ணி அதுல போட்டு, எங்க வெச்சாங்க தெரியுமா, அவரோட வயித்துத் தசைக்குள்ள. எட்டு மாசம். தசை நெறைய ரத்தம் இருக்கற எடம், கூண்டுக்குள்ள குழாய் ஓடி எலும்பு வளந்ததும் எடுத்து, ரத்தக்குழாயோட சேத்து மூஞ்சியில வெச்சுத் தச்சாங்க. 2009ல எழுதினாங்க. வயித்துக்குள்ள எட்டு மாசம் தாடையைச் சுமந்த ஆம்பள!

அதுக்கு முன்னாடி 2004ல ஜெர்மனியில ஒரு ஏழு வயசுப் பொண்ணு, தலையில அடிபட்டு மண்டையோட்டுல பெரிய ஓட்டை. இடுப்பெலும்பு மட்டும் பத்தல, அதனால அதோட அந்தப் பொண்ணோட கொழுப்பு செல்லையும் சேத்து வெச்சாங்க, மூணு மாசத்துல ஸ்கேன்ல புது எலும்பு தெரிஞ்சுது. கவனிங்க, அங்கயும் இடுப்பெலும்பு இருந்துச்சு, அதனால எது எவ்ளோ வேலை செஞ்சுதுன்னு ஒரே ஒரு கேஸை வெச்சு சொல்ல முடியாது. கொலம்பியா யுனிவர்சிட்டியில சின்ன ரகப் பன்னிங்களுக்கு, ஸ்கேன் எடுத்து, மாட்டு எலும்பை செல்லெல்லாம் நீக்கி அச்சா அதே தாடை வடிவத்துல செதுக்கி, அந்தந்தப் பன்னியோட கொழுப்பு செல்லை அதுல ஏத்தி, சத்துத் தண்ணி உள்ள ஓடிக்கிட்டே இருக்கற பெட்டியில மூணு வாரம் வளத்து வெச்சாங்க, 2016ல வந்துச்சு, ஆறு மாசத்துல ஒடம்போட ஒண்ணாயிடுச்சு.

இதுல எதுலயாவது "ஊசி போட்டோம் எலும்பு வந்துச்சு"ன்னு இருக்கா? செல்லு புடிச்சு நிக்க ஒரு சாரம் வேணும், ரத்தம் வேணும், ஆடாம நிக்கணும். சும்மா ஊசியில போட்டா செல்லு எங்க நிக்கும், ஆத்துல நாத்து வீசின கதைதான்.

அக்கா பொண்ணு எனக்கு ரெண்டு கேள்வி எழுதிக் குடுத்துச்சு. கிளினிக்குக்கு போன் பண்ணிக் கேட்டேன். செல்லை எதுல வெச்சுக் குடுப்பீங்க, அது ஒண்ணு. இந்த சிகிச்சை எந்த ஆய்வுல பதிவாகியிருக்கு, நம்பர் என்ன, அது ரெண்டு. ஏன்னா 2017ல ஐசிஎம்ஆருங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் போட்ட வழிகாட்டுதல்ல, ரத்த சம்பந்தமான நோய்ங்களுக்கு ஒத்துக்கிட்டது தவிர மத்த ஸ்டெம் செல் சிகிச்சை எல்லாம் முறையா அனுமதி வாங்கின ஆய்வாத்தான் பண்ணணும்னு இருக்கு. கவுன்சிலர் பொண்ணு "சார் உங்களுக்கு நம்பிக்கை வேணும் சார்"னுச்சு. பத்தாயிரம் இன்னி வரைக்கும் திரும்பி வரல. தக்காளிக்காரன் கூட ஆஸ்பத்திரிக்கு வந்து ரெண்டாயிரம் குடுத்துட்டுப் போனான்.

இடுப்பெலும்பையே எடுத்து வெச்சாங்க, 2023ல. எடுத்த எடம்தான் காலை விட அதிகமா வலிச்சுது, பெல்ட் போட முடியாம ரெண்டு மாசம் வேட்டிதான். தொப்பையை அப்படியே விட்டுட்டு அதுக்கு அடியில இருக்கற எலும்பைச் சொரண்டி எடுத்தாங்களேன்னு ஒவ்வொரு தடவை எழுந்திரிக்கும்போதும் தோணும். இன்னும் பத்து இருவது வருஷம் கழிச்சு விழுந்திருக்கணும் போல.

நாலாவது மாச எக்ஸ்ரேல அந்தக் கறுப்புக் கோட்டுல வெள்ளையா மேகம் மாதிரி ஒண்ணு கெளம்பியிருந்துச்சு. டாக்டர் ஒண்ணும் சொல்லல, பேனாவால அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டாரு. அதை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சேன். அம்மாவால தலையை நிமித்தி மேல பாக்க முடியாது, அதனால அவங்க கண்ணுக்கு நேரா எறக்கிப் புடிச்சேன். அம்மா கொஞ்ச நேரம் பாத்துட்டு, அந்த வட்டத்துக்குள்ள வெரலை வெச்சு மெதுவா தடவினாங்க.

"இது நின்னுடுமில்ல? எனக்கு மாதிரி போய்க்கிட்டே இருக்காதே?"

"நின்னுடும்மா. அதுவே கரைச்சு சரி பண்ணிக்குமாம்."

"அப்ப சரி"ன்னுட்டு, கதவு மாதிரி மொத்தமா திரும்பி, "நாளையிலேர்ந்து பால் நீயே போய் வாங்கிட்டு வா"ன்னாங்க.